இங்கிலீஷுக்கு யார் பேரில் பட்டா?

ஆசிரியர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். என்னிடம் படித்து இப்போது வாத்தியாராக இருக்கும் இரண்டு பேர் வீடு தேடி வந்து கேட்டார்கள். "சார், இத்தன வருசம் இங்கிலீஷ் எடுத்தீங்க. எங்களாட்ட புதுசா வந்தவங்களுக்குச் சந்தோசமா நாலு வார்த்த எழுதிக் குடுங்க" என்றார்கள். சந்தோஷமாக என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். விடுவதாக இல்லை. வகுப்பில் கம்ப்யூட்டரே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும்போது வாத்தியார் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்களாம், அதற்கு ஒரு பதிலாவது எழுதுங்கள் என்றார்கள். என்னிடம் பதில் கிடையாது. நடந்தது ஒன்று இருக்கிறது. சம்பந்தப்பட்டவரைக் கேட்டுக்கொண்டு, பேரையெல்லாம் மாற்றி எழுதுகிறேன். எங்கள் தாளாளர் படித்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு இல்லை. மலர் கைக்கு வந்தால் அவர் தன் மில் விளம்பரம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று மட்டும்தான் பார்ப்பார்.

நான் பிறந்தது பல்லடம் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஒரு பெரிய தோட்டத்தில் பண்ணையாட்கள். கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறார்கள். அந்த 'ங்க' யார் வாயில் கிளம்பி யார் காதுக்குப் போகும் என்று பண்ணையாட்கள் குடியிருந்த எங்கள் வளவுக்கு வந்து கேட்டிருக்க வேண்டும். தோட்டத்துக்காரர் வீட்டில் மூக்கொழுகித் திரிந்த பொடியன் என் அப்பாவை "டேய் ஆரோக்கியம்" என்று கூப்பிடுவான். அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்க சின்னவருங்க" என்பார். அவனுக்கும் எனக்கும் ஒரே வயசு.

பாதிரியார் பள்ளியில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தவர் ஒருநாள் சொன்னார், இந்தப் பாஷையில் ராஜாவுக்கும் 'யூ'தான், ராஜாவின் குதிரைக்குச் சாணி அள்ளுகிறவனுக்கும் 'யூ'தான் என்று. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதெப்படி ஒரு பாஷை அவ்வளவு அசால்ட்டாக இருக்கும்? அன்றைக்குச் சாயங்காலம் தோட்டத்துக்காரர் வீட்டு எருமையைப் பார்த்து, மனசில் அந்தச் சின்னவரை நினைத்துக்கொண்டு, "யூ! யூ!" என்று கத்தினேன். வானம் இடிந்து விழவில்லை. அதற்கப்புறம் நான் இங்கிலீஷை விடவில்லை. கோவையில் பி.ஏ., அப்புறம் பி.எட்., இடையில் பாத்திரக் கடையில் வேலை. அதையெல்லாம் விவரித்தால் மலர் போதாது. தமிழ் எனக்கு வீட்டோடு வந்தது, வளவையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்தது. இங்கிலீஷ் நான் பாடுபட்டுச் சம்பாதித்தது. அப்பன் சொத்தைவிடச் சம்பாதித்த சொத்தில் உரிமை எச்சு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்த நினைப்பில்தான் வேலைக்குப் போனேன்.

போய்ச் சேர்ந்தது பல்லடம் ரோட்டில் இருந்த ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி. அதன் தாளாளர் நூல் மில்லும் கோழித்தீவன ஆலையும் வைத்திருந்தவர். நாங்கள் அவரைப் 'பெரியவர்' என்போம். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆயாவிலிருந்து பிரின்சிபால் வரை அத்தனை பேருக்கும் அவர் 'வாங்க, போங்க'தான். என்னையும் "வாங்க சாமுவேல் சார்" என்பார். என் அப்பாவை அவர் வயசு ஆட்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். என்னை 'வாங்க' என்று சொல்லவைத்தது இங்கிலீஷ்தான் என்பதும் தெரியும்.

ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதென்றால் பெரியவர் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். பள்ளி விட்டபிறகு ஆபீசுக்குக் கூப்பிடுவார். எழுந்து நின்று கும்பிடுவார். ஃபேனைக் கூட்டிவைப்பார். வீட்டில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, சௌக்கியமா என்று விசாரிப்பார். அப்புறம் டிரைவர் ஒரு இளநீர் கொண்டுவருவார். பெரியவருடைய தோட்டத்துக் காய், சீவி ஸ்ட்ரா போட்டு வரும். "குடிங்க, குடிங்க. மொதல்ல குடிங்க, பொறகு பேசிக்கலாமுங்க" என்பார். அவசரப்படுத்தவே மாட்டார். அடியில் உறிஞ்சும் சத்தம் கேட்டதும், "வார மாசத்துல இருந்து நீங்க சிரமப்பட்டு வரவேண்டாமுங்க" என்பார். வேலை போய்விட்டது என்பதே பலருக்கு வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் உறைக்கும். அதற்குள் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். ஸ்டாஃப் ரூமில் யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால், "ஏனுங்க, இளநி குடிச்சுட்டீங்களா?" என்றுதான் நாங்கள் கேட்போம். சிரிப்போம்.

மும்தாஜ் மிஸ் எங்களிடம் வந்து சேர்ந்தபோது நான் இங்கிலீஷ் பிரிவுக்குத் தலைவர். கோவையில் உக்கடத்துப் பக்கம் வீடு. அவருடைய அத்தா வாட்ச் ரிப்பேர் பார்த்தவர். மும்தாஜ் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வருவார். கணவருக்குச் சிறுநீரகம் கெட்டு வாராவாரம் டயாலிசிஸ். இவர் சம்பளம் வந்தால் அந்த வீட்டில் உயிர் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஒரு தடவை சம்பளம் தாமதமானபோது அவர் முகத்தைப் பார்த்து நானாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவருக்கு. தறி ஓட்டுகிறவர்கள், கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்கள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் வகுப்பில் வந்து திருவிழாவில் தொலைந்ததுகள் மாதிரி முழிக்கும். மும்தாஜ் முதல் காரியமாக, "காலைல ஊட்டுல என்ன நடந்துச்சு?" என்று தமிழில் கேட்பார். ஒருத்தன் எழுந்து, "கரண்டு போயிருச்சுங்க மிஸ், தறி நின்னுபோச்சு, எங்கப்பன் எங்கம்மாவ வெஞ்சாரு" என்பான். வகுப்பு சிரிக்கும். மும்தாஜ் சிரிக்காமல், அப்பன் திட்டியது உள்பட, அதை அப்படியே போர்டில் இங்கிலீஷில் எழுதுவார். கீழே அந்தப் பையன் பேரையும் எழுதுவார். அன்றைக்குப் பாடமே அதுதான். மறுநாள் கோழிக்கு நோவு வந்த வீடு, அதற்கு மறுநாள் பாட்டி பஸ்ஸில் சண்டை போட்ட வீடு. இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் அவரவர் வீட்டைப் பற்றி அவர்களாகவே எழுத ஆரம்பிக்கும். பாடப் புத்தகத்தில் இருக்கும் பனிமனிதனைப் பற்றி அல்ல, தன் அப்பன் தறியைப் பற்றி. பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் பாடம் நடத்தி நான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு காரியத்தை ஒருவரும் செய்து பார்த்ததில்லை.

அப்புறம் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பெங்களூரில் ஆபீஸ், எங்கோ வெளிநாட்டில் தலைமை. பெரியவர் ஸ்டாஃப் மீட்டிங் போட்டு அறிவித்தார். "இனிமே நம்ம கொழந்தைகளுக்கு வெள்ளக்காரங்களே நேரா சொல்லிக் குடுக்கறாங்க. நம்ம ஊரு இங்கிலீஷ நம்ம ஊருக்குள்ள வெச்சுக்கலாமுங்க, கொழந்தைக வெளிய போயிப் பொழைக்கோணுமில்லீங்களா" என்றார். நான் எழுந்து, "ஏனுங்க, நம்ம ஊரு இங்கிலீஷ்ல படிச்சவந்தானுங்க நானு. வெளிய போய்ப் பொழைக்கறவங்க பாதிப் பேரு எங்கிட்டப் படிச்சவங்கதானுங்க" என்றேன். "அட, உங்களச் சொல்லுவனுங்களா சார்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைத்தான் சொன்னார்.

முறை இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டேப்லட், ஒரு ஹெட்போன். திரையில் ஒரு வெள்ளைக்காரி வந்து ஒரு வாக்கியம் சொல்வாள். நாங்கள் அவளுக்குப் 'பெட்டியம்மா' என்று பேர் வைத்தோம். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவளைப் போலவே சொன்னால் பச்சைப் பட்டை, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் மறுபடி, மறுபடி, பச்சை வரும்வரை. டீச்சருக்கு இனிமேல் டீச்சர் என்று பேர் இல்லை, ஃபெசிலிடேட்டர். ஃபெசிலிடேட்டர் வாயைத் திறக்கக் கூடாது. தமிழ் அறவே கூடாது. டேப்லட்டுக்குச் சார்ஜ் போடலாம், ஹெட்போன் வயரில் சிக்கு எடுக்கலாம். இதைக் கண்காணிக்கச் சுவரில் கேமரா. பெரியவர் தன் அறையில் உட்கார்ந்து எல்லா வகுப்பையும் பார்க்கலாம், கேட்கலாம்.

முன்பல் விழுந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஓயாமல் சிவப்பு. ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைக்கு முன்பல் இருக்காது என்பது அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தெரியவில்லை போலும். மூன்றாவது வாரம் நான் மும்தாஜ் வகுப்புப் பக்கம் போனேன். அத்தனை பிள்ளைகளும் இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு டேப்லட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன கண்ணு இது என்று ஒரு சின்ன அம்மணியைக் கேட்டேன். "மூக்கப் புடிச்சுட்டுப் பேசுனா பச்ச வருதுங்க சார்" என்றாள். எந்தப் பயல் கண்டுபிடித்தானோ! சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "தெரீலீங்க சார்" என்றாள், மூக்கை விடாமல். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றிருந்த மும்தாஜ் கேமராவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்தின் கோடிக்குப் போய்விடுவார். அங்கே கேமரா கிடையாது. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலையில் பெட்டியம்மா சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டு, பிள்ளைகள் வாயாலேயே அர்த்தத்தை வரவழைத்து, மறுபடி இங்கிலீஷுக்குக் கொண்டுவருவார். அவர் சோறு பெரும்பாலும் அப்படியே திரும்பிப் போகும். கம்பெனியிலிருந்து டேப்லட் பழுது பார்க்க வரும் விக்னேஷ் என்ற இளைஞர் ஒருநாள் அதை நின்று பார்த்தார். "மேடம் பண்றதுதான் சார் டீச்சிங். நாங்க விக்கறது வேற" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் சம்பளம் வாங்கும் இடத்தில் அதைச் சொல்ல முடியாதல்லவா?

வருஷக் கடைசியில் கம்பெனியே ஒரு தேர்வு வைத்தது. படித்துப் புரிந்துகொண்டு எழுதும் தேர்வு. மும்தாஜ் வகுப்புப் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். அவர்களிடம் டேப்லட் வாங்கிய பள்ளிகளிலேயே எங்கள் ஒன்றாம் வகுப்புதான் முதல் என்று கம்பெனி மேலாளர் வந்து பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தினார். பல்லடம் நால்ரோட்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஒரு பக்கம் கைகூப்பி நிற்கும் பெரியவர், மறுபக்கம் பல்லைக் காட்டும் பெட்டியம்மா. நடுவில் பிள்ளைகள். மும்தாஜ் எங்கே என்று நான் தேடவில்லை. இருக்க மாட்டார் என்று தெரியும். உழுதவன் ஒருத்தன், அறுத்துக்கொண்டு போனவன் ஒருத்தன். என் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழகிய கணக்குத்தான் இது, ஆனாலும் பஸ்ஸில் அந்த ஃப்ளெக்ஸைக் கடக்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்தது டீச்சர்களுக்குத் தேர்வு. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, இப்போது பிள்ளைகளோடு பேசுகிறவர்களின் இங்கிலீஷ் தரமாக இருக்க வேண்டுமாம். ஒவ்வொருவராக டேப்லட் முன்னால் உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். எனக்குச் சிவப்பு. எத்தனையோ வருஷம் இந்த மாவட்டத்துக்கே இங்கிலீஷ் விடைத்தாள் திருத்தியவன் நான். இன்னொரு முறை முயன்று பாருங்கள் என்று பெட்டியம்மா எனக்குத் தைரியம் சொன்னாள். போடி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதற்கும் சிவப்புதான் வந்திருக்கும். நான் அந்த மே மாதம் ஓய்வு பெறுகிறவன் என்பதால் என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. மும்தாஜுக்கும் சிவப்பு. அவருக்கு ஓய்வு பெற இன்னும் வெகுகாலம் இருந்தது.

நான் நேரே பெரியவரிடம் போனேன்.

"அந்த ரிசல்ட் வந்ததுக்குக் காரணமே மும்தாஜ் மிஸ்தானுங்க. சோத்து நேரத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க" என்றேன்.

"தெரியுமுங்க சார். வாட்ச்மேன் சொன்னாரு. தமிழ்ல சொல்லிக் குடுத்தாங்களாமே" என்றார் சிரித்த முகத்தோடு.

"புரிய வெக்கறதுக்குத் தமிழ்லதானுங்க சொல்லோணும்."

"இருக்கலாமுங்க. நானும் படிக்காதவன், எனக்கென்னங்க தெரியும்? ஆனா காசு கட்டற ஜனங்க என்ன கேக்கறாங்க? ஒரிஜினல் இங்கிலீஷ் கேக்கறாங்க. நான் என்னங்க பண்ணட்டும், மெசினு சொல்லுது. மனுசன் சொன்னா ஓரவஞ்சனைனு சொல்லலாம். மெசினுக்குச் சாதி மதமெல்லாம் தெரியாதுங்களே."

"காதும் கேக்காதுங்க" என்றேன்.

அதற்கும் சிரித்தார். "சாயங்காலம் அவங்களக் கூட்டிட்டு வாங்க சார். நீங்களும் கூட இருங்க, அதுதானுங்க மரியாத" என்றார்.

அது ரம்ஜான் மாசம். நான் சொல்லாமலே மும்தாஜுக்குப் புரிந்துவிட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னோடு நடந்து வந்தார். பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். ஃபேனைக் கூட்டிவைத்தார். "ஊட்டுக்காரரு எப்படி இருக்காருங்க? டயாலிசிஸ் ஒழுங்காப் போகுதுங்களா? பாப்பா காலேஜ் போகுதுங்களா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் மும்தாஜ், "நல்லா இருக்காங்க ஐயா" என்று பதில் சொன்னார். டிரைவர் இளநீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"குடிங்க அம்மணி. மொதல்ல குடிங்க."

மும்தாஜ் தொடவில்லை. "நோன்புங்க ஐயா" என்றார்.

நான் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் பதறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அடடா! மறந்தே போயிட்டனுங்க! மன்னிச்சுக்கோங்க அம்மணி, தப்பு எம்மேலதானுங்க. டேய், அத எடு, அத எடு" என்று டிரைவரை விரட்டினார். "இவங்க முன்னாடி போயி இத வெச்சனே" என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். இளநீர் போய்விட்டது. அப்புறம் எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உறிஞ்சும் சத்தம் கேட்டால்தானே அவருக்கு அடுத்த வரி வரும்?

கடைசியில் மும்தாஜ்தான் பேசினார். "அடுத்த மாசத்துல இருந்து வரவேண்டாமுங்களா ஐயா?"

"சிரமப்பட வேண்டாமுங்க" என்றார் பெரியவர் நிம்மதியாக. பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, சீவாத காய் இரண்டு எடுத்துப் பையில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். "சாயங்காலம் நோம்பு தொறக்கறப்பக் குடிங்க அம்மணி. நம்ம தோட்டத்துக் காயி, நெம்ப இனிப்பா இருக்குமுங்க." வாசல் வரை வந்து, இளநீர் வைத்ததற்காக இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டார். மனசாரக் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலைக்காக அல்ல, இளநீருக்காக. படுபாவி என்று திட்டுவதற்குக்கூட அந்த மனுஷன் இடம் வைக்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரை நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தூக்கி எறியட்டுமா அம்மா என்று கேட்டேன். "வேண்டாம் சார். எங்க ஊட்டுக்காரருக்கு டாக்டர் இளநி கூடாதுன்னு சொல்லியிருக்காரு. எம்மகளுக்கு ஆகும்" என்று வாங்கிக்கொண்டார். பஸ் வந்தது. உட்கார இடம் இல்லை. ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் அந்தப் பையுமாக அவர் நின்றுகொண்டு போனதை நான் பார்த்தேன்.

எனக்கு மே மாதம் இளநீர் வரவில்லை, சால்வை வந்தது.

பிறகு மும்தாஜ் பல பள்ளிகளில் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஏதோ ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷம் கழித்து எனக்குப் போன் செய்தார். வேலை கிடைத்துவிட்டதாம். கொடுத்தது யார் தெரியுமா? அதே கம்பெனி. அந்த விக்னேஷ் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறார். வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கும் வேலை. சந்தோஷத்தில் நான் கத்தியேவிட்டேன்.

"இருங்க சார், முழுசாக் கேளுங்க" என்றார். "எம்பேரு அங்க மும்தாஜ் இல்ல. எமிலி."

திரையில் அவர் முகம் வராது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் வரும், இவர் பேசும்போது அதன் வாய் அசையும். குரலும் இவருடையதாக இருக்காது. இவர் இங்கே பேசுவார், நடுவில் ஒரு சாப்ட்வேர் அதை வாங்கி லண்டன்காரி குரலாக மாற்றி அந்தப் பக்கம் அனுப்பும். பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்டால் மைக்கை மூடிவிட வேண்டும். எந்த ஊர் என்று கேட்டால் சிரித்து மழுப்ப வேண்டும். தான் யார் என்று படிக்கும் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தெரிந்தால் அன்றே வேலை போய்விடும். அப்படித்தான் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

"பாடம் எப்படி எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"என்னோட பாடந்தான் சார். அதுல ஒண்ணும் மாத்தச் சொல்லல. காலைல உங்க ஊட்டுல என்ன நடந்துச்சுன்னுதான் ஆரம்பிக்கறேன். பேரும் தொண்டையும் மட்டுந்தான் அவங்களுது." அப்புறம், "இன்னொண்ணு சார். சிரிக்காதீங்க. நம்ம பெரியவர் பேரன் எங்கிட்டதான் படிக்கறான். கம்பெனி அவங்க குடும்பத்துக்கு இலவசமாக் குடுத்திருக்காம். நல்ல பையன் சார், வெடுக்கு வெடுக்குன்னு கேள்வி கேக்கறான்" என்றார். அவர்தான் சிரித்தார். என்னால் முடியவில்லை. உன் இங்கிலீஷ் வேண்டும், நீ வேண்டாம் என்கிறார்கள். உழைப்பு வேண்டும், ஆள் கண்ணில் படக்கூடாது என்று என் அப்பாவைக் கொல்லைப்புறமாக வரச்சொன்னவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். இந்த மொழிக்குப் பட்டா யார் பேரில் இருக்கிறது, யார் கொடுத்தது என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நம்மை மட்டும் குத்தகைக்காரன் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

போன தை மாதம் பழைய மாணவன் ஒருத்தனுக்குக் கல்யாணம். பல்லடத்தில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போகும் வழியில், "ஏனுங்க சாமுவேல் சார்!" என்று குரல் கேட்டது. பெரியவர். வாசலில் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏழெட்டு வயசில் பேரன், மடியில் டேப்லட்.

"பாருங்க, கல்யாணம்னாலும் கிளாஸ உடறதில்லீங்க" என்றார் பெருமையாக. "லண்டன்ல இருந்து எடுக்கறாங்க. இவன் வாயத் தொறந்தா இங்கிலீஷ்தானுங்க இப்ப. இத்தன வருசம் ஸ்கூல் நடத்துனேன், எங்கிட்ட எத்தன இங்கிலீஷ் டீச்சரு இருந்தாங்க? ஒருத்தருக்காவது இந்தக் கை வந்துச்சுங்களா?"

திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பையன் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியதையும், மேளக்காரர் தூங்கி விழுந்ததையும், தாத்தா மூன்று ஜிலேபி சாப்பிட்டுவிட்டுப் பாட்டியிடம் ஒன்று என்று பொய் சொன்னதையும். தடங்கல் இல்லாமல், பயமில்லாமல், தன் வீட்டுக்குள் நடமாடுகிற மாதிரி சொன்னான்.

"மேடம்" என்று பெரியவர் குனிந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் திரையைப் பார்த்துச் சொன்னார். "நீங்கள் கடவுள் மாதிரி. எங்கள் ஊர் டீச்சர்கள் பிரயோஜனமில்லை. ஒரிஜினல் ஒரிஜினல்தான்." திரையில் அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது. நன்றி சார் என்றாள், பளிங்கு மாதிரி ஒரு குரலில். "நம்ம சாரும் இங்கிலீஷ் வாத்தியாருதானுங்க, ரிட்டையர் ஆயிட்டாரு. சாமுவேல் சார், நீங்களும் ஒரு வார்த்த பேசுங்க. ஒரிஜினல் ஆள்கிட்டப் பேசுன மாதிரி இருக்குமில்லீங்க" என்று டேப்லட்டை என் கையில் கொடுத்தார்.

திரைக்கு அந்தப் பக்கம் உக்கடத்தில் ஒரு அறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு மும்தாஜ் உட்கார்ந்திருந்தார். என் பேரைக் கேட்டிருப்பார். அவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. பள்ளியில் ஒரு மேடையில் வைத்து, மாலை போட்டு, இந்தப் பெரியவர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல யாரும் மேடை போடவில்லை. இங்கிலீஷில் சொன்னேன். "அம்மா, என் வாழ்நாளில் நான் பார்த்த இங்கிலீஷ் டீச்சர்களிலேயே நீங்கள்தான் சிறந்தவர். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு."

திரையில் அந்தப் பெண் சிரித்தபடியே இருந்தாள். சத்தம் வரவில்லை. மைக்கை மூடிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. "நெட்டு போயிருச்சுங்களா?" என்று பெரியவர் எட்டிப் பார்த்தார். பிறகு பளிங்குக் குரல் வந்தது. தேங்க்யூ சார் என்றது. அழுத தொண்டையையும் அந்தச் சாப்ட்வேர் துடைத்து அனுப்பிவிட்டது.

"பாத்தீங்களா, உங்களுக்கே ஒரு வார்த்தையில தெரிஞ்சுபோச்சு!" என்று பெரியவர் என் தோளைத் தட்டினார். "இப்படி ஒருத்தர் நம்ம ஸ்கூலுக்குக் கெடைக்காமப் போயிட்டாங்களே சார்."

உண்மை வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அந்த மண்டபத்திலேயே அவர் முகம் செத்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் மும்தாஜ் கணவருக்கு யார் பணம் கட்டுவார்கள்?

"ஆமாங்க" என்றேன்.